கட்டிப்போட்டால் குட்டிபோடும்: குறிஞ்சி நிலத்தில் ஒரு பாலைச் செடி

முன்னுரை

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, அவற்றின்கண் வாழும் மரம், செடி, புள், விலங்கு ஆகியவற்றைக் கருப்பொருள் எனக் கண்டவர் தமிழர். ஒரு செடியின் பெயரைச் சொன்ன அளவிலேயே அது வாழும் நிலம் இன்னதென உணரும் நுட்பம் அவர்பால் இருந்தது. இன்றோ செடிகள் நிலம் கடந்து, கடல் கடந்து நம் வீட்டுத் திண்ணைக்கும் சன்னலுக்கும் வந்து சேர்ந்துள்ளன. அவ்வாறு வந்த ஒரு செடியை அதன் இயல்பறிந்து வளர்ப்பது எங்ஙனம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சார்ந்த சிற்றூர்களுள் ஒன்று கரடியூர். அதன் காட்சிமுனையில் நின்று பள்ளத்தாக்கை நோக்குவதற்கெனப் பயணியர் வருவது வழக்கம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் வெள்ளோக்கு மரமும் நிறைந்த குளிர்ந்த நிலம் அது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மழை தருவதால், ஆண்டின் பல மாதங்கள் அங்கு ஈரமும் மூடுபனியும் நிலவுகின்றன.

மாணவர்களோடு கல்விச் சுற்றுலாவாக அப்பக்கம் சென்றிருந்தபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் யாம் கண்ட காட்சி எம்மை வியப்பில் ஆழ்த்தியது. கூரையின் குறுக்குக் கழியில் நூல் கட்டி, ஐந்து தடித்த பச்சை இலைகள் தொங்கவிடப்பட்டிருந்தன. மண்ணில்லை, நீரில்லை. எனினும் ஒவ்வோர் இலையின் விளிம்பிலும் சின்னஞ்சிறு செடிகள், வேரும் தளிருமாக, வரிசைபிடித்து நின்றன. வீட்டு மூதாட்டியார் எம் வியப்பைக் கண்டு நகைத்து, வேர்பிடித்த செடி ஒன்றையும் தனி இலை இரண்டையும் கையில் கொடுத்தார். "கட்டிப் போட்டா குட்டி போடும் கண்ணு. தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னுடாதீங்க" என்பது அவர் விடைகொடுத்த மொழி.

அம்மொழியை யாம் செவியில் ஏற்றோமேயன்றிக் கருத்தில் ஏற்கவில்லை. செடியை அழகிய தொட்டியில் நட்டு நாள்தோறும் நீர் வார்த்தோம். ஒரு திங்களுக்குள் அதன் அடித்தண்டு கறுத்துக் குழைந்து சாய்ந்தது. இலைகளுள் ஒன்றைத் தடித்த நூல் ஒன்றின் இடையே வைத்து மறந்துபோயிருந்தோம். செடி மாண்ட வருத்தம் ஆறாத நாளில் அந்நூலைப் பிரித்தபோது, இலையின் விளிம்பில் நான்கு குட்டிகள் வெளிறிய தளிருடன் உயிர்த்திருந்தன. பேணியது மடிந்தது; மறந்தது பிழைத்தது. இம்முரணின் காரணத்தைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

பெயரும் பொருளும்

இச்செடியைத் தமிழில் ரணகள்ளி என்பர். மலைக்கள்ளி என்பாரும் உளர். மக்கள் வழக்கில் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்பதே இதன் பெயர். தாவரவியலார் இதனைக் கலாங்கோ பின்னேட்டா என அழைப்பர். பிரையோஃபில்லம் என்பது இதன் பழைய பேரினப் பெயர். முளைத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இணைந்து அப்பெயர் பிறந்தது. 'முளைக்கும் இலை' என்னும் அளவோடு கிரேக்கப் பெயர் நின்றுவிடுகிறது. தமிழ்ப் பெயரோ ஒரு முழு வாக்கியமாகவே அமைந்து, என்ன செய்தால் என்ன நிகழும் என்னும் செய்முறையையும் உள்ளடக்கி நிற்கிறது. பெயரே பாடமாக அமைந்த செடி இது எனலாம்.

'குட்டி' என்னும் சொல் இங்கு ஆளப்பட்டிருப்பதும் எண்ணத்தக்கது. தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களை வகுத்துரைக்கிறது. ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளின் இளமைக்குக் கன்று, குழவி, பிள்ளை, போத்து என்பன உரியவாம். வாழைக்கன்று, தென்னம்பிள்ளை என நாம் இன்றும் வழங்குவது அம்மரபின் தொடர்ச்சியே. குட்டி என்பதோ அணில், எலி, வெருகு முதலியவற்றின் இளமைக்கு ஆசிரியர் உரிமைப்படுத்திய பெயர். அவ்வாறிருக்க, விலங்கின் இளமைப் பெயரை மக்கள் இச்செடிக்கு ஏன் சூட்டினர்? விதையின்றி, மண்ணின்றி, தன் உடலினின்றே உருவம் முழுமை பெற்ற சிற்றுயிரை இது ஈனுகிறது. அதனைக் கண்டவர்க்கு 'முளைத்தது' என்பதினும் 'குட்டி போட்டது' என்பதே பொருத்தமாகத் தோன்றியிருத்தல் வேண்டும். மரபு வழுவுதல்போல் தோன்றும் இவ்வழக்கு, உண்மையில் கூர்ந்த நோக்கின் விளைவே என்பது எம் கருத்து.

கள்ளி எது?

கள்ளி என்னும் பெயரும் சிறிது மயக்கம் தருவது. சங்கப் பாடல்களில் கள்ளி, பாலை நிலத்தோடும் சுடுகாட்டோடும் சேர்த்துப் பேசப்படுகிறது. அக்கள்ளி சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலியவை சார்ந்த யூஃபோர்பியா இனமாகும். அதன் தண்டைக் கீறினால் வெண்பால் வடியும். நாம் இன்று எங்கும் காணும் சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட காக்டஸ் குடும்பத்தைச் சார்ந்தது. சங்கப் புலவர் அதனைக் கண்டிருக்க இயலாது. இதன் முட்கள் சிறு மெத்தை போன்ற புள்ளிகளினின்று கொத்தாக எழும். கீறினால் பால் வாராது. மூன்றாவதாகிய நம் ரணகள்ளி இவ்விரண்டும் அன்று. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்டு, கிராசுலேசி என்னும் வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது.

மூன்று வேறு குடும்பங்கள். ஆயினும் மூன்றிற்கும் 'கள்ளி' என்ற ஒரே பெயர். இதனை அறியாமை எனத் தள்ளுதல் ஆகாது. குடும்பம் வேறாயினும் தொழில் ஒன்று. நீர் அரிதாகிய இடத்தில், கிடைத்த நீரை உடலில் சேமித்து வைத்து வாழ்தலே அத்தொழில். தண்டிலோ இலையிலோ நீரைத் தேக்கும் இத்தகைய செடிகளைச் சதைப்பற்றுள்ள தாவரங்கள் என்பர். சோற்றுக்கற்றாழை, பிரண்டை, மருள் ஆகியனவும் இவ்வகையினவே. பிறப்பால் வேறுபட்டவை வாழ்வின் நெருக்கடியால் ஒரே வடிவை எய்துதலை மக்கள் கண்டுகொண்டனர்.

பொறுமை என்னும் பெயர்

நீரின்றி வாழும் இத்திறம் பல நாட்டாரின் உள்ளத்தையும் கவர்ந்துள்ளது. நம் ஊர்களில் சோற்றுக்கற்றாழையை வேரோடு பிடுங்கி வீட்டு வாயிலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவதைக் காண்கிறோம். கெய்ரோ நகரத்து மக்களும் தம் வீட்டு வாயிலின் மேல், சிறப்பாகப் புதுமனை வாயிலின் மேல், கற்றாழையைத் தொங்கவிட்டனர் என்று எட்வர்ட் லேன் என்னும் ஆங்கில அறிஞர் 1836ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் குறித்துள்ளார். மண்ணும் நீருமின்றிச் சில ஆண்டுகள் அது வாழ்வதும், பூப்பதுங்கூட உண்டென்பதும், அதனாலேயே அதற்குப் பொறுமை எனப் பொருள்படும் பெயர் வந்ததென்பதும் அவர் தரும் செய்திகள்.

அரபு மொழியில் பொறுமையைக் குறிக்கும் சொல்லும் கற்றாழையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரினின்று பிறந்தவை. துன்பம் நேர்ந்த வீட்டில் 'சபூர் செய்யுங்கள்' என்று நம் மூத்தோர் ஆறுதல் கூறுவதில் ஒலிப்பதும் அவ்வேரே. கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி உலர்த்திய கரிய பொருளை நம் நாட்டு மருந்துக் கடைகளில் கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் வழங்குவர். மூசாம்பரம் என்பதும் அவ்வரபு வேரினின்று தமிழுக்கு வந்த சொல்லே. செடிகளைப் போலச் சொற்களும் கடல் கடந்து வந்து நம் மண்ணில் வேர்விடுகின்றன என்பதற்கு இஃதொரு சான்று.

காலையில் புளிப்பு, மாலையில் கைப்பு

இச்செடியின் வாழ்வியலை உலகுக்கு உணர்த்தும் முதற்குறிப்புகளுள் ஒன்று நம் நாட்டிலேயே பிறந்தது என்பது பெருமைக்குரிய செய்தி. செருமானிய நாட்டினரான பெஞ்சமின் ஹெய்ன், சமயப் பணிக்கெனத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாராகத் தென்னாட்டில் பணியாற்றியவர். 1819ஆம் ஆண்டில் சென்னையில் மறைந்தார். அவர் ரணகள்ளியின் இலையை நாளின் வெவ்வேறு பொழுதுகளில் மென்று சுவைத்துப் பார்த்தார். விடியலில் இலை மிகுந்த புளிப்புடையதாக இருந்தது. பொழுது ஏற ஏறப் புளிப்புக் குறைந்தது. நண்பகலில் சுவையற்றுப் போனது. மாலையில் சற்றே கைத்தது. 1813ஆம் ஆண்டில் அவர் இதனைக் கடிதமாக எழுத, இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் அது 1815ஆம் ஆண்டில் அச்சேறியது.

இப்புளிப்பின் காரணம் பின்னாளில் விளங்கியது. செடிகள் உணவு சமைக்கக் காற்றிலுள்ள கரியமில வாயு வேண்டும். அதனை உட்கொள்ள இலைத்துளைகளைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும். பெரும்பாலான செடிகள் பகலில் துளைகளைத் திறந்து இவ்விழப்பை ஏற்கின்றன. ரணகள்ளியோ பகலில் கதவடைத்து, குளிர்ந்த இரவில் திறக்கிறது. இரவில் வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலையின் அறைகளில் சேமிக்கிறது. விடியலில் இலை புளிப்பது இதனாலேயே. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்தினின்று வாயுவை மீண்டும் விடுவித்து, கதிரொளியைக் கொண்டு உணவு சமைக்கிறது, புளிப்பும் மறைகிறது.

இம்முறைக்குக் கிராசுலேசி குடும்பத்தின் பெயராலேயே 'கிராசுலேசிய அமில வளர்சிதை மாற்றம்' எனப் பெயரிட்டனர். ஒரு கிராம் கரியமில வாயுவைப் பெறுதற்கு நெல் போன்ற செடிகள் 400 முதல் 500 கிராம் வரை நீரை இழக்கின்றன. இம்முறையைக் கையாளும் செடிகளோ 50 முதல் 100 கிராம் வரையே இழக்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு நீரில் வாழக் கற்ற செடிக்கு நாம் ஐந்து பங்கு நீர் வார்த்தோம், அது மடிந்தது.

வேதியியல் துறை நண்பரின் துணையுடன் இதனை மாணவர் எளிதில் மெய்ப்பிக்கலாம். ஒரே செடியில் ஒத்த அளவுள்ள இரண்டு இலைகளைத் தேர்ந்து, ஒன்றைக் காலை ஆறு மணிக்கும் மற்றொன்றைப் பிற்பகல் மூன்று மணிக்கும் பறித்து, ஒரே அளவு நீர் சேர்த்து நசுக்கி, அமிலத்தன்மை காட்டும் நிறத்தாளில் சாற்றைத் தொட்டு வைத்தல் வேண்டும். இரு தாள்களின் நிற வேறுபாடே விடை கூறும். ஹெய்ன் செய்தது போல மென்று பார்த்தல் வேண்டா; காரணம் பின்னர்க் கூறப்படும்.

தொட்டியும் மண்ணும்

இனி வளர்க்கும் முறையைக் காண்போம். மலைமேல் வளர்ப்பார்க்கும் சமவெளியில் வளர்ப்பார்க்கும் தொட்டியைப் பற்றிய விதி ஒன்றே: நீர் தங்கலாகாது. சுட்ட மண்தொட்டியே சிறந்தது. அதன் சுவர் வழியே ஈரம் கசிந்து உலரும். மெருகிட்ட பீங்கான் தொட்டியும் பிளாஸ்டிக் தொட்டியும் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைப்பன. எத்தொட்டியாயினும் அடியில் துளை இன்றியமையாதது. துளையின் மேல் வளைந்த ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் அடைக்காது.

செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய சாண எருவோ இலைமக்கோ ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளலாம். மணல் கிடைத்தற்கு அரிதாயின், செங்கல்லை உடைத்துச் சலித்த பொடிச்சல்லியைப் பயன்படுத்தலாம். மழை மிகுந்த மலையூர்களில் எருவைப் பாதியாகக் குறைத்துச் சல்லியைக் கூட்டுதல் நன்று. கலந்த மண்ணை ஈரமாக்கிக் கைக்குள் பிடித்துப் பார்க்க வேண்டும். பிடி விட்டதும் உதிர்ந்தால் அது தக்க மண்; உருண்டையாக நின்றால் இன்னும் சல்லி சேர்த்தல் வேண்டும்.

நீர் வார்த்தலும் வாராமையும்

நீரே இச்செடியின் உயிர். நீரே இதன் கூற்றுவன். வேர்களும் உயிர்ப்பன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மண் துகள்களின் இடையே உள்ள காற்றை வேர்கள் நுகர்கின்றன. இடைவெளி முழுவதும் நீரால் நிறையுமாயின் வேர் மூச்சடைத்துச் சாகிறது. செத்த வேரில் பூஞ்சை பற்றித் தண்டுக்கு ஏறுகிறது. மேலே இலை வாடுகிறது. வாட்டத்தைக் கண்ட நாம் நீர் போதவில்லை எனக் கருதி மேலும் வார்க்கிறோம். எம் செடி மாண்டது இவ்வாறே.

நாட்கணக்கு வைத்து நீர் வார்த்தலினும் மண்ணைக் கேட்டு வார்த்தல் சிறப்பு. சுட்டுவிரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் செலுத்துக. ஈரம் தட்டினால் வாராதொழிக. தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகுவதும் நல்வழியே. நீர் வார்த்த நாளின் கனமும் உலர்ந்த நாளின் கனமும் சில வாரங்களில் கைக்குப் பழகிவிடும். வார்க்கும்போது அடித்துளை வழியே வழியுமளவு நிறைய வார்த்து, பின்னர் முழுதும் உலரும்வரை காத்திருத்தல் வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பது பிழை. தொட்டியின் கீழ்த் தட்டில் தேங்கிய நீரை உடனே கொட்டிவிடுக. அது செடிக்குக் கேடு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுதற்கும் அதுவே இடமாகும்.

சேலம் போன்ற சமவெளி ஊர்களில் கோடைக்காலத்து நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை நீர் தேவைப்படலாம். கரடியூர் போன்ற மலையூர்களில் மழைக்காலத்து இரண்டு வாரத்திற்கு ஒருமுறைகூட மிகையாகலாம். அங்குத் தொட்டியைக் கூரையின் இறவாணத்திற்கு உட்புறமாக, மழைச்சாரல் படாமல், காற்றும் காலைக் கதிரும் படுமாறு வைத்தல் வேண்டும். மூதாட்டியார் வீட்டுத் திண்ணை அத்தகையதே. வெளியே குறிஞ்சி, கூரையின் கீழ்ச் சிறியதொரு பாலை. அதனை அவர் நூலறிவால் அமைக்கவில்லை, பழக்கத்தால் அமைத்திருந்தார்.

ஒளியும் பூப்பும்

நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் இளவெயில் படுதல் நன்று. ஒளி குறைந்தால் கணுவிடை நீண்டு, தண்டு மெலிந்து, சன்னல் நோக்கி வளையும். ஒளி மிகுந்தால் இலை விளிம்பு செந்நிறம் கொள்ளும், இது நோயன்று. வீட்டினுள் இருந்த செடியைத் திடீரென உச்சிவெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். ஒரு வாரம் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும். நன்கு வளர்ந்த செடி, பகல் குறுகிய குளிர்காலத்தில் நீண்ட காம்பில் தொங்கும் மணிகளைப் போலப் பசுமையும் செம்மையும் கலந்த பூக்களைத் தாங்கி நிற்கும்.

குட்டிகளைப் பிரித்தல்

இலையின் விளிம்பில் உள்ள சிறுவெட்டுகளில் வளர்மொட்டுகள் உறங்குகின்றன. இலை தாயுடன் இணைந்துள்ளவரை, செடியின் வளர்ச்சியை ஆளும் சுரப்புகள் அவற்றை உறங்க வைக்கின்றன. இலை பிரிந்ததும் அத்தடை நீங்க, மொட்டு விழிக்கிறது. குட்டிக்கு வேண்டிய நீரையும் உணவையும் தாயிலையே தன்னைக் கரைத்து ஊட்டுகிறது. குட்டி வளர வளர இலை சுருங்கி வற்றுவதைக் காணலாம்.

முற்றிய இலை ஒன்றைப் பறித்து, ஈர மணலின்மேல் படுக்க வைத்து நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் குட்டிகள் தோன்றும். ஒவ்வொன்றும் இரண்டு இணை இலை விட்டபின் மெல்லப் பிரித்துச் சிறு தொட்டியில் நடலாம். செருமானியக் கவிஞர் கதே இச்செடியின்பால் பெருங்காதல் கொண்டு தாமே வளர்த்து, இதன் குட்டிகளை நண்பர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பினார் என்பது இலக்கிய மாணவர் அறியத்தக்கது.

நோயும் தீர்வும்

இலைக்கக்கத்தில் பஞ்சு போன்று மாவுப்பூச்சி படிவதுண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுத்து, வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலில் கலந்து தடவலாம். முதலில் ஓர் இலையில் தடவி இரண்டு நாள் பார்த்த பின்னரே செடி முழுவதும் தடவுக. அடித்தண்டு கறுத்தால் நீர் நிறுத்துவது மட்டும் போதாது. கறுப்பு ஏறிய பகுதிக்கு மேலே கூரிய கத்தியால் வெட்டி, அம்மேற்பகுதியை மூன்று நான்கு நாள் நிழலில் உலர்த்தி, வெட்டுவாய் காய்ந்தபின் புதுமண்ணில் நடுக. மடிந்துகொண்டிருக்கும் செடியையும் இவ்வாறு மீட்கலாம். இதனை முன்னரே அறிந்திருந்தோமாயின் எம் முதற்செடி பிழைத்திருக்கும்.

அறியத்தக்க தீங்குகள்

ரணகள்ளியில் இதயத் துடிப்பைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் உள்ளன. ஆடு மாடுகள் இதனை மிகுதியாக மேய்ந்தால் இறக்கவும் கூடும். ஆதலின் கொட்டிலுக்கு அருகில் இதனை வளர்த்தல் ஆகாது. சிறுநீரகக் கல்லுக்கு இவ்விலையை உண்ணும் நாட்டு வழக்கம் உண்டெனினும், தக்க மருத்துவரைக் கேளாது தாமே உண்ணுதல் அறிவுடைமையன்று. பாலுள்ள கள்ளி வகைகளில் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். அப்பால் கண்ணில் பட்டால் பார்வையையே தாக்கும். உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரை நாடுதல் வேண்டும்.

கள்ளிப்பால் என்றதும் இம்மாவட்டத்தின் ஒரு துயர நினைவும் எழாமல் போகாது. பெண்மகவு வேண்டாதார் அதனைக் கொலைக் கருவியாக்கிய கொடுமையைத் தடுக்கவே, 1992ஆம் ஆண்டில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. பழி செடிக்கு உரியதன்று, மனிதர்க்கே உரியது.

மலைக்கு நாம் ஆற்றும் கடமை

ஓர் இலை விழுந்தால் பல செடி ஆகும் இயல்பு தொட்டியில் வியப்பு. காட்டில் அஃது ஆபத்து. மடகாஸ்கரினின்று புறப்பட்ட ரணகள்ளி, ஹவாய், கலாபகோஸ் முதலிய தீவுகளில் காட்டுக்குள் பரவி, அம்மண்ணுக்குரிய செடிகளை நெருக்கும் களையாகிவிட்டது.

நம் நாடு இப்பாடத்தைச் சப்பாத்திக்கள்ளியிடம் முன்னரே கற்றுள்ளது. செந்நிறச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்கும் ஆசையால் கம்பெனி ஆட்சியில் சப்பாத்திக்கள்ளி பேணப்பட்டது. சென்னைச் சைதாப்பேட்டையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்கெனத் தோட்டமே அமைத்தார். 1795ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து வந்த பூச்சியோ நல்ல சாயம் தரும் இனமன்று. அது கள்ளியைத் தின்று அழித்தது. சாயத் தொழில் வீழ்ந்தது. வேலியாகவும் புதராகவும் கள்ளி வயல்வெளியெங்கும் படர்ந்தது. 1863 முதல் 1868 வரையிலான ஆண்டுகளில் அதே பூச்சியைத் தென்னாட்டில் வேண்டுமென்றே பரப்பி ஒருவகைக் கள்ளியை அடக்கினர். எஞ்சிய மற்றொரு வகையை அடக்க, 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து வேறோர் இனப்பூச்சியைக் கொணர வேண்டியதாயிற்று. ஆசையுடன் கொண்டுவந்த ஒரு செடியை அடக்க நூறாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

சேர்வராயன் மலை தனக்கே உரிய செடிகளை உடையது. இம்மலையின் பெயரையே தன் பெயரில் தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்னும் அரிய மரம் இங்குள்ளது. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் பூங்காவை அமைத்து, அரிய செடிகளைப் பேணி வருகிறது. ஆதலின் கரடியூரிலோ பிற மலையூரிலோ சதைப்பற்றுச் செடி வளர்ப்போர், கத்தரித்த இலைகளைச் சரிவில் வீசுதல் ஆகாது. வெயிலில் முழுதும் உலர்த்தியோ எரித்தோ அழித்தல் வேண்டும். அதுபோலவே, மலைப்பாறைகளில் தாமே வளரும் அரிய செடிகளைச் சுற்றுலா வந்தோர் பிடுங்கி வருதலும் தவறு. ஒன்றைக் காட்டில் விடாமையும் ஒன்றைக் காட்டிலிருந்து எடாமையும் ஒரே அறத்தின் இருமுகங்கள்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், சதைப்பற்றுச் செடியைப் பேணுதல் என்பது பெரும்பாலும் கையை அடக்கும் பயிற்சியே என்பது பெறப்படும். இரவில் திறந்து பகலில் அடைக்கும் அதன் இயல்பை அறிந்து, மண் உலரும்வரை காத்திருப்பவர்க்கு அது செழித்து நிற்கிறது. அன்பு மிகுந்தால் மட்டும் போதாது. அன்பு கொள்ளப்பட்டதன் இயல்பையும் அறிதல் வேண்டும். பயிருக்குப் பொருந்தும் இது, பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்கும் மாணவரை வளர்க்கும் ஆசிரியர்க்கும் பொருந்தாமல் போகாது.

நூலிடை பிழைத்த அந்நான்கு குட்டிகளும் இன்று எம் துறையின் சன்னலோரத்தில் நான்கு தொட்டிகளில் வளர்கின்றன. அவற்றின் அருகே நீர்க்குவளை வைப்பதில்லை. புதிதாகச் சேரும் மாணவர் எவரேனும் "ஐயா, தண்ணீர் விடட்டுமா?" என வினவினால், "முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்" என்பதே எம் விடை. கரடியூர் மூதாட்டியார் ஒரே மொழியில் உரைத்ததை உணர எமக்கு ஒரு செடியின் உயிர் விலையாயிற்று. இதனைப் படிப்போர்க்கு அவ்விலை வேண்டாதிருக்கட்டும்.